மழைக்கால மரத்தில் ஒரு நாவல்

என் தம்பிக்கு நூலகத்தில் இரண்டு பெயர்கள். வருகைப் பதிவேட்டில் 'தற்காலிக உதவியாளர்' என்று இருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் 'கத்தரி மாமா' என்பார்கள். ஆறு வருடத்தில் கத்தரி மாமா நிரந்தரமாகிவிட்டார். தற்காலிக உதவியாளர்தான் தற்காலிகமாகவே இருந்தார்.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் பழகினேன். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன், அதுதான் என் கடை. அவனுக்குச் சட்டை தைப்பதும் நான்தான். ஆறடி ஒரு அங்குலம் உயரம், தோள் பத்தொன்பது அங்குலம். மற்றவர்களைவிட அரை மீட்டர் துணி கூடப் பிடிக்கும். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவன் ஆசைப்பட்டதெல்லாம் சின்னச் சின்ன வேலைகளுக்குத்தான். தாளை மடிப்பான், வெட்டுவான், ஒட்டுவான்.

பத்து வயதில் என் துணிக் கத்தரியை எடுத்துக் காலண்டரை வெட்டிவிட்டான். துணி வெட்டுகிற கத்தரி தாளைத் தொட்டால் முனை மழுங்கிப்போகும் என்பது தையல் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். முதுகில் இரண்டு வைத்தேன். பிறகுதான் கீழே கிடந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத் தாளும் கை கோத்துக்கொண்டு பன்னிரண்டு ஆட்களாக நின்றன. பிப்ரவரி மட்டும் கொஞ்சம் குள்ளம்.

"மொதல்ல பாத்துட்டு அப்புறம் அடிச்சிருக்கலாம்ல" என்றான், முதுகைத் தடவிக்கொண்டே.

கணக்குக்கும் அவனுக்கும் ஆகவில்லை. பள்ளியை முடித்ததும் அச்சகத்தில் மூன்று வருடம் தாள் மடித்தான். பிறகு கடைப் பலகை எழுதுகிறவரிடம் இரண்டு வருடம். அதன் பிறகு கூரியர் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினான். "ஒரு வேலையிலயாவது ஒட்டுறானா பாரு" என்று அப்பா அலுத்துக்கொள்வார். இருபத்தெட்டாவது வயதில் பொது நூலகத்தில் எடுபிடி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்க வேண்டும், செய்தித்தாள்களை மாதவாரியாகக் கட்டி வைக்க வேண்டும், குடிதண்ணீர் நிரப்ப வேண்டும். போய்ச் சேர்ந்தான்.

அங்கே தலைமை நூலகர் ஒரு அம்மா. எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் அமைதி காக்கச் சொல்லிச் சொல்லி அவருடைய குரலே தேய்ந்துவிட்டது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்; என்ன திட்டினார் என்பதைக் கேட்க நாம்தான் கிட்டே போக வேண்டும்.

தம்பி சேர்ந்த முதல் கோடையில் ஒருநாள் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. விசிறி இல்லாமல் படிப்பறையில் யாரும் உட்கார முடியவில்லை. பிள்ளைகள் முற்றத்தில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். இவன் ஆளுக்கொரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, தரையில் விழுந்த சுற்றுச்சுவர்க் கம்பியின் நிழலை வரையச் சொன்னான். ஒரு மணி நேரம் கழித்து நிழல் நகர்ந்ததும் மறுபடி. அப்புறம் மறுபடி. சாயங்காலம் பார்த்தால் முற்றம் முழுக்க விசிறி விரித்தது போலக் கோடுகள். வீட்டுக்குப் போன பிள்ளைகள் மறுநாள் பெற்றவர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். வந்தவர்களில் ஆறு பேர் அன்றே உறுப்பினர் ஆனார்கள்.

மேடம் முற்றத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். "இதை யாரு கழுவுறது?" என்றார்.

"நான்தான் மேடம்."

"நாளன்னிக்குக் கழுவுங்க. நாளைக்கு என் பேத்தி வர்றா."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருடம் மேடமே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். வெயில் காலத்தில் நிழல் ஓவியம். காற்றுக் காலத்தில் பழைய பத்திரிகை அட்டையில் காற்றாடி. குளிர் காலத்தில் மீந்த கம்பளி நூலில் பக்கம் குறிக்கும் நாடா. மழைக் காலத்தில் கிழிந்த குடைகளுக்கு ஒட்டுப் போட்டு வண்ணம் பூசுவது. எல்லாம் பின்பக்க அறையில் நடக்கும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கறுப்புக் குடை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் குடையில் ஒரு முதலை இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் வங்கிக்கு வேலைக்குப் போனார். மேலாளர் கேட்டதற்கு, "மச்சான் வரைஞ்சது சார், மறுக்க முடியாது" என்றாராம்.

போன மழைக்காலம் தொடங்கும்போது நூலகக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசியில் கூட்டம். தம்பியின் வேலையை நிரந்தரமாக்குவதா, அல்லது அந்த இடத்தையே எடுத்துவிட்டுப் பின்பக்க அறையில் பழைய கோப்புகளை அடுக்குவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். மேடம் ஓர் அறிக்கை தர வேண்டும்.

கடிதத்தை என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். "இது போச்சுன்னா மறுபடி கூரியர் பைதான்க்கா. முப்பத்தி நாலு வயசுல முட்டி என்ன சொல்லுமோ."

"போகாது. என்ன செய்யப் போற இந்தத் தடவை?"

"மரம்" என்றான். "செவத்துல ஒரு பெரிய மரம். நூலகத்துல இனி வேண்டாம்னு கழிச்ச புத்தகம் இருக்கில்ல, அந்தத் தாள்ல இலை வெட்டணும். வர்றவங்க ஆளுக்கொரு இலைல ரெண்டு வரி எழுதி, பச்சை பூசி ஒட்டணும். அடிமரம் மட்டும் நீ துணில தைச்சுக் குடு."

பழுப்புத் துணியில் ஒன்பது அடிக்கு அடிமரமும் ஏழு கிளைகளும் வெட்டித் தைத்தேன். சனிக்கிழமை மதியம் சுவரில் பொருத்திப் பார்க்க நானே போனேன். தம்பி ஏணி வாங்கிவரப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். ஊசி நூலை வைக்க இடம் தேடிச் சேமிப்பறைக்குள் நுழைந்தேன். அங்கேதான் வினை இருந்தது.

அலமாரிக்குக் கீழே புத்தகக் கட்டுகள். ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் வெள்ளை பாதி நைந்து தொங்கியது. முடிச்செல்லாம் குடுமிபோல. பெரிய புத்தகத்துக்கு மேல் சின்னது, அதற்கு மேல் மறுபடி பெரியது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்தேன். உயரவாரியாகப் பிரித்து ஓரம் தட்டி அடுக்கினேன். மேசையில் கிடந்த புதுச் சிவப்பு நாடாச் சுருளை எடுத்து, ஒரே அளவில் வெட்டி, ஒரே மாதிரி முடிச்சுப் போட்டேன். ஆறு கட்டு. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஏணி வந்துவிட்டது. மரத்தை மாட்டுகிற மும்முரத்தில் சொல்ல மறந்துவிட்டேன்.

சிவப்பு நாடா என்றால் கழித்த புத்தகம், வெள்ளை என்றால் பைண்டிங்குக்குப் போக வேண்டிய புத்தகம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அறை நிரம்பிவிட்டது. வெளியே நல்ல மழை. பிள்ளைகள், பெற்றவர்கள், மருந்துக் கடைக்காரர், இரண்டு நர்சுகள், கடிகாரம் பழுதுபார்க்கிறவர். கடிகாரக்காரர் கதைப் பைத்தியம். நூலகத்தில் அவர் எடுக்காத நாவல் கிடையாது. தம்பி கட்டைப் பிரித்துத் தாள்களைக் கொடுத்தான். அட்டை இல்லாத, தையல் விட்டுப்போன புத்தகங்கள். கழித்ததும் அப்படித்தான் இருக்கும், பைண்டிங்குக்குப் போவதும் அப்படித்தான் இருக்கும். ஒரு தாளுக்கு இரண்டு இலை. வெட்டிய மிச்சம் சாக்குக்குள். பதினொன்றரை மணிக்கு மரம் பாதி தழைத்துவிட்டது.

கடிகாரக்காரர் இலையில் எழுதும்முன் பேனா முனையைப் பார்க்கத் கடிகாரம் பார்க்கிற பூதக்கண்ணாடிக் குமிழைக் கண்ணில் பொருத்தினார். அது இலையில் இருந்த அச்சின் மேல் நின்றது. அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி" என்றார். "கேட் கீப்பர் ராத்திரி டியூட்டிக்குத் திரும்பிட்டானா?"

"எந்தக் கேட் கீப்பர் சார்?"

"ரயில்வே கேட் கீப்பர் கதைப்பா. மூணு பாகம். மொதல் பாகம் படிச்சேன், மூணாம் பாகமும் படிச்சேன். ரெண்டாம் பாகம் பைண்டிங்ல இருக்கு, வரட்டும் வரட்டும்னு நாலு மாசமா மேடம் என்னைச் சுத்தல்ல விடுறாங்க. இதோ என் கையில இலையா இருக்கு."

தம்பி இலையை வாங்கிப் பார்த்தான். பிறகு சாக்கைப் பார்த்தான். பிறகு கத்தரியோடு நின்ற நாற்பது பேரையும் பார்த்தான்.

"எல்லாரும் கத்தரியைக் கீழ வைங்க" என்றான். மேடத்தைவிட மெதுவாகச் சொன்னான். அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது.

எண்ணிப் பார்த்தோம். பைண்டிங் புத்தகங்களில் அது ஒன்றுதான் கத்தரிக்குப் போயிருந்தது. அந்த நாவலில் தொண்ணூற்று நான்கு தாள்கள், நூற்று எண்பத்தெட்டு இலைகள். புது அச்சு எங்கேயும் கிடைக்காத புத்தகம். பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போதுதான் மேசையில் கிடந்த நாடாவையும் அதிலிருந்த முடிச்சையும் பார்த்தேன். அந்த முடிச்சை அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் போடுவேன்.

"டேய், அது நான்…" என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இரு அக்கா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "கழிச்ச புத்தகத்துல முத்திரை இருக்கும். முத்திரையைப் பாக்காம நாடாவைப் பாத்துப் பிரிச்சது நான். நீ சேமிப்பறைக்குள்ள வந்ததே வெளிய தெரியக் கூடாது."

அன்று சாயங்காலமே தவறு தன்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேடத்திடம் கொடுத்துவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு நானே மேடத்தைப் பார்க்கப் போனேன். அளவு நோட்டில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை கட்டு, எந்த நாடா, எத்தனை மணி.

மேடம் முழுக்கப் படித்தார். "உங்க தம்பி ஒரு தப்புன்னு எழுதியிருக்காரு. நீங்க சொல்றதைச் சேத்தா ரெண்டு தப்பு ஆகும். வெளி ஆளை உள்ள விட்டதும் சேரும். எதைம்மா நான் அறிக்கையில எழுதுறது?"

"ரெண்டையும் எழுதுங்க மேடம். நடந்ததுதானே."

"அவர் வேலை போகும்."

"அவன் செய்யாததுக்குப் போகக் கூடாது."

மேடம் பேனாவைத் திறந்தார். எழுதினார். எனக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக ஏதோ சொன்னார். கிட்டே போய்க் கேட்டேன். "முடிச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

விஷயம் தெரிந்து தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தான். "உண்மை சொல்ற வியாதி உனக்கு எப்பதான் போகுமோ" என்றான். அதற்கு மேல் திட்டவில்லை. மனசு வேறெங்கோ இருந்தது. ஒரு தாளை என் வெட்டு மேசையில் பரப்பினான். ஓர் இலை, அதைச் சுற்றி மிச்சத் துண்டுகள், அடியில் கண்ணாடி போன்ற மெல்லிய தாள். மாவுப் பசை போட்டு ஒட்டியிருந்தான். கோடு தெரிந்தது. ஆனால் வரி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. படிக்க முடிந்தது.

"சாக்கு அப்படியே இருக்கு. இலை செவத்துல இருக்கு. இந்தப் புத்தகத்துல பச்சை பூசினது முப்பத்தொண்ணுதான், அதுவும் தண்ணிப் பச்சை, எழுத்து தெரியுது. ஆனா எந்த இலை எந்தத் தாளுக்குன்னு படிச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். நான் ஒருத்தன் உக்காந்தா ஒரு வருஷம் ஆகும்."

"நாப்பது பேர் உக்காந்தா?"

"அதைத்தான் கேக்க வந்தேன்" என்றான்.

மேடம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்: மழைக்கால நிகழ்ச்சி, இரண்டாம் பகுதி. வெட்டியவர்கள் வந்து ஒட்டவும்.

வந்தார்கள். முதல் ஞாயிறு முப்பது பேர், அடுத்த ஞாயிறு அறுபதுக்கு மேல். ஆளுக்கு ஒரு கை இலை. வரி எங்கே அறுபட்டது, அதன் வால் எந்தத் துண்டில் இருக்கிறது என்று தேட வேண்டும். தேட வேண்டுமென்றால் படிக்க வேண்டும். படித்தால் கதை இழுக்கும். அறை முழுக்க முணுமுணுப்பு.

"கேட் கீப்பர் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறாளா இல்லையா? என்கிட்ட பாதிதான் இருக்கு."

"போறா. பெட்டி என்கிட்ட இருக்கு."

"யோவ் மருந்துக் கடை, கதையைச் சொல்லாதய்யா, நான் இன்னும் அங்க வரலை."

கழித்த புத்தகங்களும் அன்று கூடவே வெட்டுப்பட்டிருந்ததால் வேறு வம்பு. ஒரு நர்ஸ் அரைமணி நேரம் பாடுபட்டு ஒரு தாளை முடித்துச் சத்தமாகப் படித்தார்: "அவள் கண்ணில் நீர் திரண்டது. அவன் அவளருகே வந்து, மெல்லிய குரலில், இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி இயக்கவும் என்றான்." கணினிப் பாடப் புத்தகத்தின் இலை காதலுக்குள் புகுந்துவிட்டிருந்தது. கடிகாரக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடிக் குமிழைப் பசைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

ஒரு அம்மா மட்டும் இலையைத் தர மறுத்தாள். அவளுடைய மகன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அந்த இலையில்தானாம், அன்றே கொண்டுபோய் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். தம்பி அவள் வீட்டுக்கே போய், சட்டத்துக்கு வெளியே நின்றபடி இருபக்கத்து வரிகளையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். பின்பக்கத்துக்காக அவள் ஆணியைக் கழற்ற வேண்டியிருந்தது. இவன் மறுபடி அடித்துக் கொடுத்தான்.

மூன்றாம் ஞாயிறு, நூலகக் குழுத் தலைவர் சொல்லாமல் வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். மேடத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது நெற்றியிலேயே தெரிந்தது. வாசலில் கைகட்டி நின்றார். மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு அவர் யாரென்று தெரியாது.

"சும்மா நிக்காதீங்க சார். இந்தாங்க, இதுக்கு வால் எங்கன்னு பாருங்க" என்று ஓர் இலையைக் கையில் திணித்தாள்.

நான் எழுந்திருக்கப் போனேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தான். தலைவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலி கேட்டார். பிறகு கண்ணாடி மாற்றினார். அறிக்கை அவருடைய சட்டைப் பையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, "ஆங், இங்க இருக்கு பாரு" என்றார் பொதுவாக எல்லோரிடமும். துண்டு பொருந்தியது. ரயில் வருவதற்கு முன் கேட் மூடப்பட்டிருந்தது.

"அடுத்த தாள் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

இருந்தாலும் குழுவின் கூட்டம் முறைப்படியே நடந்தது. மாதக் கடைசி வியாழக்கிழமை, தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில் போனான். நான் வெளியே பெஞ்சில். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"புத்தகத்தைச் சரிபண்ணினது சரி" என்றார் குழுவில் ஒருவர். "மறுபடி இப்படி ஆகாதுன்னு நாங்க எப்படி நம்புறது?"

"இனிமே நாடாவை நம்ப மாட்டேன் சார். ஒவ்வொரு புத்தகத்துலயும் முத்திரையைப் பாத்து, பதிவேட்டுல நம்பரைச் சரிபாத்துத்தான் வெளிய எடுப்பேன். பைண்டிங் புத்தகத்தை வேற அலமாரியில வெச்சுப் பூட்டியாச்சு. சாவி மேடம்கிட்ட."

"வேற ஒண்ணும் இல்லையா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "எங்க அக்காவை உள்ள விட மாட்டேன் சார்."

உள்ளே சிரிப்பு. பெஞ்சில் எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

"அறிக்கையில ரெண்டாவது தப்பைச் சேக்கச் சொன்னது அந்த அக்காதானே?" என்றது தலைவரின் குரல்.

"ஆமா சார். அவங்களுக்கு அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. நூலக உதவியாளர், நிரந்தரம், முதல் தேதியிலிருந்து. பின்பக்க அறை நிகழ்ச்சிகளுக்கே என்று தனியாக ஒரு வரி. தம்பி அதைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். நான்காம் பத்தியில் இப்படி இருந்தது: 'பணியாளர்களின் உறவினர்கள் எக்காரணம் கொண்டும் சேமிப்பறைக்குள் அனுமதிக்கப்படக் கூடாது.'

"இது எனக்குன்னே போட்டதுதானே?" என்றேன்.

"பின்ன? என் உத்தரவுல உனக்கும் ஒரு இடம் வேண்டாமா?"

"உன் மாமா பாத்தா வீடு பூராச் சொல்லிச் சிரிப்பாரு."

"பாத்துட்டாரு. அவர்தான் நகல் எடுத்துக் குடுத்தாரு, உன் கடையில மாட்டச் சொல்லி."

அந்த நாவலில் ஐந்து இலைகள் கிடைக்கவே இல்லை. அந்த இடங்களில் தம்பி வெற்றுத் தாளை இலை வடிவத்திலேயே வெட்டி ஒட்டியிருக்கிறான். கடிகாரக்காரர்தான் முதலில் எடுத்துப் போனார். எட்டு நாளில் திருப்பிக் கொடுத்தவர், அந்த ஐந்து இடங்களிலும் என்ன நடந்திருக்கும் என்று மேடத்திடம் ஒரு மணி நேரம் வாதாடினார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரவர் கட்சியைச் சொல்ல, மேடம் வழக்கம்போல மெதுவாக ஏதோ சொன்னார். யாரும் கிட்டே போய்க் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நிரந்தர உதவியாளர் நடுவில் புகுந்து, அவரவர் கதையை எழுத ஆளுக்கொரு சீட்டும் பென்சிலும் கொடுத்துக்கொண்டிருந்தான்.